அண்ணனின் கைகள்

நான் ஓட்டுவது விமானமே கிடையாது என்பது என் அண்ணனின் கட்சி. அது பஸ்ஸாம். "என்ன டிரைவரம்மா, இன்னைக்கு எந்த ரூட்டு?" என்றுதான் போனில் பேச்சையே ஆரம்பிப்பான். நான் பயணிகள் விமானத்துக்குக் கேப்டன் ஆன அன்று வீட்டில் எல்லாரும் பூங்கொத்தும் கேக்குமாக வந்து நின்றார்கள். இவன் மட்டும் ஒரு சைக்கிள் ஹாரனைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தான். "முன்னாடி யாராவது குறுக்க வந்தா அடி" என்றான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனாலும் அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அவன் மேல் மட்டும் என் கோபம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றதே இல்லை.

அவன் போர் விமானி. ஒற்றை ஆள் விமானம். ராஜாவும் அவனே, மந்திரியும் அவனே, வாசலில் நிற்கிற காவல்காரனும் அவனே. பேச ஆள் கிடையாது, கேட்க ஆள் கிடையாது.

அந்த விமானத்தில் விமானியின் முழங்கால்கள் இரண்டுக்கும் நடுவில், இருக்கையோடு சேர்ந்து, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு வளையம் இருக்கும். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆகிவிட்டால் அதை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டும். மேல்மூடி பிய்த்துக்கொண்டு போகும். அடியில் வெடி வெடித்து இருக்கையோடு ஆளைத் தூக்கி வெளியே எறியும். பாராசூட் விரியும். விமானம் போய் எங்கேயாவது விழுந்து தொலையும், ஆள் பிழைத்துக்கொள்வான்.

அண்ணனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். தென்னங்குச்சி மாதிரி இருப்பான், அதனாலேயே படையில் எல்லாரும் அவனைக் குண்டன் என்று கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்கே நேராகப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிற உரிமை அவனுக்கு உண்டு. ஒருநாள் அவன் விமானத்தின் எஞ்சின் நின்றுபோனது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்று நினைத்துவிட்டான். வளையத்தை இழுக்கவே இல்லை. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் என் அண்ணனும் ஒருவன். பெட்டி கனக்கவே இல்லை பாப்பா என்று என்னிடம் சொல்லிவிட்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு பிடித்தது அந்தப் பழக்கம். சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று இரண்டு கையும் முழங்கால்களுக்கு நடுவே போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வரும். டிவி பார்க்கும்போது போகும். தூக்கத்தில் போகும் என்று அண்ணி சொன்னாள். முடிவெட்டும் கடையில் துணிக்குள்ளிருந்து கை திடுக்கென்று பாய, கடைக்காரர் கத்தரியைப் போட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றாராம்.

"இது என்ன கிறுக்குத்தனம்?" என்று ஒருமுறை கத்தினேன்.

"குண்டன் யோசிச்சான், செத்தான். நான் யோசிக்க மாட்டேன். நேரம் வந்தா கை தானா போகணும். என்னைக் கேட்கவே கூடாது" என்றான்.

அப்படியேதான் ஆனது. தரையிலிருந்து எழும்பிய வேகத்தில் பறவைக் கூட்டம் எஞ்சினுக்குள் போய்விட்டது. யோசிக்க நேரமே இல்லை. கை போயிருக்கிறது. ஒரு வயலின் நடுவில், சேற்றில், முதுகெலும்பு நசுங்கிக் கிடந்தவனை உயிரோடு அள்ளிக்கொண்டு வந்தார்கள். மருத்துவமனையில் அம்மா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு, "என் ராசா, இந்தக் கைதான்டா எனக்குச் சாமி" என்றாள். கட்டிலை விட்டு எழுந்து நின்றபோது முன்னைக்கு ஒரு விரல்கடை குள்ளமாகியிருந்தான். "இப்பதான் எனக்குப் பொருத்தமா இருக்கீங்க" என்றாள் அண்ணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே போய் அழுதாள்.

போர் விமானத்தின் அழுத்தத்தை இனி அந்த முதுகு தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அந்த நாற்காலிதான் அவனைக் கொல்லாமல் கொன்றது. வெடி வைத்துத் தூக்கி எறிந்த இருக்கை கூட அவனை அந்தப் பாடு படுத்தவில்லை. அண்ணி எனக்குப் போன் செய்து, "நேத்து சாயங்காலம் வந்து உக்காந்தவர்தான். சுவத்தையே பார்த்துட்டிருக்கார். தட்டுல போட்டது போட்டபடியே காஞ்சு போச்சு. எனக்குப் பயமா இருக்கு" என்பாள். வாரத்துக்கு வாரம் இதே போன். நான் போய்ப் பேசினால், "தரையில எனக்கு மூச்சு முட்டுது பாப்பா" என்பதோடு முடித்துக்கொள்வான்.

கடைசியில் ஒரு டாக்டர்தான் வழி சொன்னார். போர் விமானம்தான் கூடாது, பயணிகள் விமானம் ஓட்ட இந்த முதுகு போதும் என்றார். அன்று போனில் குரலே மாறியிருந்தது. "ஏன் பாப்பா, உன் பஸ்ஸுக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்றான். கொஞ்சம் கேலி செய்யத்தான் நினைத்தேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதன் பட்ட பாடு கொஞ்சமல்ல. தன் பாதி வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்தான். தேர்வு எல்லாம் எழுதித் தேறினான். எங்கள் கம்பெனியிலேயே துணை விமானி பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அவனுக்கு உதைத்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வேலையில் எதையும் வாயால் சொல்லித்தான் செய்ய வேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் சரிபார்க்க, பிறகுதான் கை நகர வேண்டும். இவனோ சத்தமே இல்லாமல் எல்லாவற்றையும் தானே முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பான்.

"பக்கத்துல ஒரு ஆள் இருக்கு அண்ணா!"

"இருந்துட்டுப் போகட்டும், நானா வேணாம்னேன்?"

தலையில் அடித்துக்கொண்டேன். அவன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் இரண்டு நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, சுவரில் விமானி அறையின் படத்தை ஒட்டி, அண்ணியின் மரக்கரண்டிகளை எஞ்சின் லீவராகச் செருகி வைத்து நாள் கணக்காக அவனைப் பேச வைத்தேன். அண்ணி சமைக்கக் கரண்டி கேட்டால், "இப்பத்தான் மேல ஏறிட்டிருக்கோம், இறங்கினதும் தர்றேன்" என்பான். அந்த வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் சாப்பிட்டான். தூங்கினான்.

இறுதிச் சோதனையில் முதல் தடவை தோற்றான். காரணம் அதேதான், வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதிலும் தோற்றால் வெளியே, அது கம்பெனி விதி. அந்த வயதுக்கும் அந்த முதுகுக்கும் வேறு கம்பெனி எதுவும் கதவைத் திறக்காது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வாயால் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சோதனை நடப்பது சிமுலேட்டரில். அது ஒரு பெரிய கொட்டகைக்குள் இரும்புக் கால்களில் நிற்கிற பெட்டி. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் அசல் விமானி அறை. குலுங்கும், சாயும், கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை ஓடும். பரிசோதகர் பின்னால் இருட்டில் உட்கார்ந்து, எஞ்சினை அணைப்பார், தீ வைப்பார், மழை கொட்டவைப்பார். எங்கள் பரிசோதகருக்கு நாங்கள் வைத்த பெயர் கல்லுளிமங்கன். பாஸா ஃபெயிலா என்பதை அவர் முகத்தில் எவனும் படித்ததில்லை.

இரண்டாவது சோதனை அன்று காலையில், அண்ணனோடு இடது இருக்கையில் உட்கார வேண்டிய கேப்டன் காய்ச்சலில் படுத்துவிட்டார். கல்லுளிமங்கன் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க உக்காருங்க."

"சார், அவர் என் அண்ணன்."

"மார்க் போடறது நான்தானே? உக்காருங்க."

உட்கார்ந்தேன். அண்ணன் அன்று அருமையாக ஓட்டினான். ஒவ்வொன்றையும் கணீரென்று சொன்னான், என் பதிலுக்குக் காத்திருந்தான், பிறகுதான் கையை நகர்த்தினான். எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. பாதி சோதனை தாண்டியதும் ஓடுபாதையிலிருந்து எழும்பிய மறுகணம் வலது எஞ்சினில் தீ. மணி அலறியது, சிவப்பு விளக்கு எரிந்தது, பெட்டி ஒரு பக்கமாக இழுத்தது. என் கண் தற்செயலாகக் கீழே போனது.

அவன் இரண்டு கைகளும் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தன.

எங்கள் விமானத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது. வெறும் இருக்கைத் துணி. அந்தத் துணியை அவன் கொத்தாகப் பிடித்திருந்தான். விமானத்தை ஓட்ட வேண்டிய பிடி ஆளில்லாமல் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் கைகள் திரும்பி வந்துவிட்டன. விமானத்தை நேராக்கினான், சொல்ல வேண்டியதைச் சொன்னான், தீயை அணைத்தோம், சுற்றி வந்து இறங்கினோம். பின்னால் இருட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சின்னத் தடுமாற்றம். "கொஞ்சம் தாமதம், மத்தபடி நல்லா இருந்துச்சு. பாஸ்" என்று அண்ணனுக்குக் கை கொடுத்தார்.

கார் நிறுத்துமிடம் வரைக்கும் அவன்தான் பேசிக்கொண்டே வந்தான்.

"அண்ணா, கை எங்க போச்சு?"

"எது?"

"எங்கிட்ட நடிக்காத."

கார் சாவியைக் கையில் வைத்து உருட்டினான். "ஒரு நொடி. திரும்பி வந்துடுச்சில்ல?"

"நம்ம பின்னாடி ஒரு ஊரே உக்காந்திருக்கும் அண்ணா. கைக்குழந்தையெல்லாம் இருக்கும். அவங்களுக்கு வளையம் கிடையாது, பாராசூட் கிடையாது. நாம ரெண்டு பேரும்தான் அவங்களுக்கு. அந்த ஒரு நொடியில நீ அவங்களை விட்டுட்டுக் கிளம்பிட்ட."

"நான் கிளம்பல! கைதான் போச்சு!" அவன் முகம் சிவந்துவிட்டது. "யாரும் பார்க்கல பாப்பா."

"நான் பார்த்தேன்."

அவன் சாவியை என் கையில் திணித்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் அண்ணி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கம்பெனியிலிருந்து யாரோ போனில் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள். என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னாலதான், உன்னாலதான்" என்று என் தோளை நனைத்தாள். அவள் அவ்வளவு அழகாகச் சிரித்து நான் பார்த்துப் பல காலம் ஆகிறது. சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் தலை நிமிராமல் சாப்பிட்டான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். சொன்னால் இந்த வீட்டை நானே இடித்த மாதிரி. சொல்லாவிட்டால், முகம் தெரியாத அத்தனை பேரும் அவனை நம்பி ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்வார்கள். என்ன ஜென்மமோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவனோடு அந்தச் சிமுலேட்டர் பெட்டிக்குள் நான் ஏன் போய் உட்கார்ந்தேன்?

அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"நாளைக்குக் காலைல சிமுலேட்டர் சும்மா இருக்கு. கேட்டு வச்சிருக்கேன். நீயும் நானும் மட்டும். கை போகலைன்னா நான் இந்த ஜென்மத்துல வாயைத் திறக்க மாட்டேன்."

"போச்சுன்னா?"

"நீயே போய்ச் சொல்லணும்."

தம்ளரில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து வைத்தான். "போகாது பாப்பா. நான் விட மாட்டேன். நீ பார்த்துக்கிட்டே இரு" என்றான்.

மறுநாள் காலையில் தொழில்நுட்பக்காரப் பெண் பெட்டியை இயக்கிவிட்டு, கோளாறு எப்போது வரும் என்பதை என்னிடம்கூடச் சொல்லாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். நான்தான் அப்படிக் கேட்டிருந்தேன். முதல் தடவை மேலே ஏறினோம், ஒன்றும் நடக்கவில்லை. சுற்றி வந்து இறங்கினோம். இரண்டாவது தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. உள்ளே குளிரூட்டி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை எழும்பிக் கொஞ்ச உயரம் போனதும் தீ மணி அலறியது.

நான் உடனே அவன் கைகளைப் பார்த்தேன். இடது கை எஞ்சின் லீவர் மேல் இருந்தது. வலது கை ஓட்டும் பிடியில் இருந்தது. போகவில்லை. இடது மணிக்கட்டு ஒருமுறை துடித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை லீவரோடு சேர்த்து அழுத்தினான். முட்டிகள் வெளுத்துவிட்டன. நரம்பு புடைத்தது. அவனும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து, ஓடிவிடப் பார்க்கிற குழந்தையைப் பிடித்து நிறுத்துகிறவனைப் போல, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். போகாதே, போகாதே என்று நானும் மனசுக்குள் கெஞ்சினேன். என் அண்ணன் ஜெயிக்க வேண்டும் என்று நான் அப்படி எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை.

மேலே இழு, மேலே இழு என்று விமானத்தின் எச்சரிக்கைக் குரல் கத்தியது. நான் தலையை நிமிர்த்தினேன். கண்ணாடி முழுக்கத் தரை. "அண்ணா!" என்று கத்திக்கொண்டு என் பக்கத்துப் பிடியைப் பிடித்தேன். பிடிப்பதற்குள் பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கி அசையாமல் நின்றது. எதிரே திரை முழுக்கச் சிவப்பானது.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் தண்ணீர்.

"போகல பாப்பா! பார்த்தியா? கடைசி வரைக்கும் போகல!"

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பார்க்கிற? நீயே பார்த்தல்ல? போகவே இல்ல!"

நான் பதில் சொல்லாததால்தான் அவன் முன்னால் திரும்பினான். சிவப்பைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகுதான் இறங்கியது.

"எப்ப விழுந்தோம்?" என்றான்.

"இப்பதான் அண்ணா."

"எனக்குத் தெரியவே இல்லையே பாப்பா."

பெல்ட்டைக் கழற்றவும் அவனுக்குத் தோன்றவில்லை. லீவரை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தான். நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது, செய்யவில்லை.

கல்லுளிமங்கனின் அறை அதே கட்டடத்தில், நடைபாதையின் கோடியில் இருந்தது. அண்ணன் எனக்கு முன்னால் நடந்தான். நசுங்கிய முதுகை அவ்வளவு நேராக அவன் நிமிர்த்தி நடந்து நான் பார்த்ததில்லை. கதவுக்கு முன்னால் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவகிட்ட நீ சொல்லிடு. அது என்னால முடியாது" என்றான்.

"அண்ணா..."

"நீ செஞ்சது சரிதான். அதுக்காக இப்ப எங்கிட்ட ஒண்ணும் பேசாத. கொஞ்ச நாள் பேசாத."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் நடைபாதையில் சுவரோரமாக நின்று அண்ணியின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"உன்னைத்தான் நினைச்சேன்" என்றாள். "தையல்காரர் வந்து உக்காந்திருக்கார். உங்கண்ணன் யூனிஃபார்ம்ல தோள்பட்டைக்கு எத்தனை கோடு வச்சுத் தைக்கணும்?"